சீடர்களுக்குத் தோள் கொடுத்த ரதர்போர்டு

1895-ம் ஆண்டு. நியூசிலாந்து நாட்டில் ஒரு தோட்டம். 23 வயது வாலிபர் ஒருவர் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டு இருந்தார். அவருடைய தாயார் கையில் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார். இங்கிலாந்துக்குப் போய்ப் படிப்பதற்கு உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டது என்ற செய்தி அதில் இருந்தது. வாலிபர் மண்வெட்டியைத் தூர எறிந்தார். தாம் தோண்டும் கடைசிக் கிழங்கு இதுதான் என்று சொன்னார்.

இப்படி ஒரு கதை வழங்கி வருகிறது.

அந்த வாலிபர்தான் எர்னஸ்ட் ரதர்போர்டு. அணுவின் நடுவே கரு இருக்கிறது என்று உலகுக்குக் காட்டியவர். நோபல் பரிசு பெற்றவர். பிரபு பட்டம் பெற்றவர்.

அவருடைய கண்டுபிடிப்புகளைப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். ஆனால், அவர் தனியாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் நடத்தத் தொடங்கியபோது கை கொடுத்தவர்கள் யார்? பிறகு அவர் யார் யாருக்குக் கை கொடுத்தார்? அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

இரண்டாம் இடம்

ரதர்போர்டு பிறந்தது 1871-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி. தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்கிறவர். நார் ஆலையும் நடத்தினார். தாயார் கலியாணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள். அவர்களில் நான்காவது பிள்ளை எர்னஸ்ட்.

அத்தனை பிள்ளைகள் உள்ள வீட்டில் மேல்படிப்புக்குப் பணம் ஏது? ஒவ்வொரு படியிலும் பரீட்சை எழுதி, உபகாரச் சம்பளம் வாங்கித்தான் அவர் படித்தார்.

கிறைஸ்ட்சர்ச் நகரில் உள்ள கல்லூரியில் அவருக்கு ஆராய்ச்சி செய்யத் தனி அறை கிடையாது. மாணவர்கள் அங்கிகளை மாட்டி வைக்கும் நிலவறை ஒன்று இருந்தது. குளிர்காற்று வீசும் அந்த இடத்தில்தான் தம் கையாலேயே கருவிகள் செய்து பரிசோதனை நடத்தினார்.

1851-ம் ஆண்டு லண்டனில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதில் கிடைத்த லாபத்தை வைத்து, வெளிநாட்டு மாணவர்களுக்கும் உபகாரச் சம்பளம் கொடுத்து வந்தார்கள். 1895-ல் நியூசிலாந்தின் பங்குக்கு ஓர் இடம் வந்தது. அந்த ஓர் இடத்துக்கு இரண்டு பேர் போட்டி.

ரதர்போர்டு இரண்டாவதாகத்தான் வந்தார். முதலில் தேர்ந்து எடுக்கப்பட்டவர் மக்லாரின் என்ற ரசாயன ஆராய்ச்சியாளர். அவர் நாட்டிலேயே வேலையை ஏற்றுக்கொண்டு, இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே அது ரதர்போர்டுக்கு வந்தது. கப்பல் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார்.

கிறைஸ்ட்சர்ச்சில் மேரி நியூட்டன் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் திருமணம் நிச்சயமாகி இருந்தது. நல்ல வேலை கிடைக்கும் வரையில் கலியாணம் இல்லை. அந்தப் பெண் காத்திருந்தார்.

முதல் ஆசான்

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கே கேவண்டிஷ் ஆராய்ச்சிக்கூடம். அதன் தலைவர் ஜே.ஜே. தாம்சன். பின்னாளில் எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

வேறு ஊரில் பட்டம் பெற்றவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களாகச் சேர்ப்பது என்று கேம்பிரிட்ஜ் அப்போதுதான் விதியை மாற்றி இருந்தது. புது விதியின்படி முதலில் சேர்ந்தவர்களில் ரதர்போர்டும் ஒருவர். உள்ளூர்க்காரர் சிலர் அவரை ஏளனமாகப் பார்த்தார்கள்.

தாம்சன் அப்படிப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி ரதர்போர்டுக்குத் தங்க இடம் தேட உதவினார். விருந்துக்கு அழைத்தார். தாம்சன் அவரைப் பெரிய விஞ்ஞானிகளுக்கு அறிமுகம் செய்து வைத்தார். விஞ்ஞான சபைகளில் பேச வைத்தார்.

1896-ல் எக்ஸ்ரே பற்றிய செய்தி உலகம் எங்கும் பரவி இருந்தது. அதைப் பற்றித் தம்மோடு சேர்ந்து ஆராய வரும்படி தாம்சன் ரதர்போர்டைக் கூப்பிட்டார். குரு தம் மாணவரைச் சமமான கூட்டாளியாக நடத்தினார். அந்தப் பாடம் ரதர்போர்டின் மனத்தில் பதிந்தது.

கடல் கடந்து

1898-ம் ஆண்டு. கனடாவில் மாண்ட்ரீல் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று காலியானது. துறைத் தலைவர் ஜான் காக்ஸ் தகுந்த ஆளைத் தேடிக் கேம்பிரிட்ஜுக்கே வந்தார். தாம்சன் ரதர்போர்டைச் சிபாரிசு செய்தார். சுய சிந்தனையிலும் ஆர்வத்திலும் இவரை மிஞ்சிய மாணவர் தமக்கு வாய்த்தது இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

சம்பளம் வருஷத்துக்கு 500 பவுன். ரதர்போர்டுக்கு அப்போது வயது 27.

மெக்கில் ஆராய்ச்சிக்கூடம் புதிது. நல்ல கருவிகள் இருந்தன. அதைக் கட்டிக் கொடுத்தவர் புகையிலை வியாபாரத்தில் கோடீசுவரரான வில்லியம் மக்டொனால்டு. ஆனால் அவருக்குப் புகை பிடிப்பதே பிடிக்காது! அவர் வருகிறார் என்று தெரிந்தால், ஜன்னல்களை எல்லாம் அவசரமாகத் திறந்து விடுவார்கள். ரதர்போர்டு தம் புகைக் குழாயை மறைத்து வைப்பார்.

இடமும் கருவியும் கிடைத்துவிட்டன. ஆனால் சங்கடங்களும் இருந்தன. கதிரியக்க ஆராய்ச்சி பாரிஸ் நகரில் வேகமாக நடந்தது. பெக்கரலும் கியூரி தம்பதியும் அங்கே இருந்தார்கள். மாண்ட்ரீலோ கடலுக்கு அப்பால் இருந்தது. கட்டுரை எழுதினால் கப்பலில்தான் லண்டனுக்குப் போகவேண்டும். அதற்குள் வேறு யாராவது முந்திக்கொண்டால் உழைப்பெல்லாம் வீண்.

இங்கேயும் தாம்சன் கை கொடுத்தார். மாண்ட்ரீலில் இருந்து வந்த கட்டுரைகளை அவர் மூலமாகவே லண்டன் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள்.

வகுப்பை ஏற்றுக்கொண்டவர்

பேராசிரியர் என்றால் வகுப்பு எடுக்கவேண்டும். பரீட்சைத்தாள் திருத்தவேண்டும். அதிலேயே பொழுது போய்விட்டால் ஆராய்ச்சிக்கு நேரம் ஏது? புதிதாகத் தொழில் தொடங்கும் இளம் விஞ்ஞானிகள் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

துறைத் தலைவர் காக்ஸ் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர் அல்ல. ஆனால், வந்திருக்கும் வாலிபர் யார் என்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார். ரதர்போர்டின் வகுப்புகளில் பலவற்றைத் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சொன்னபடியே செய்தார். தலைவர் தம் கீழ் உள்ளவரின் சுமையைச் சுமந்தார்.

ரதர்போர்டு அந்த நேரத்தை வீணாக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் தாமே செய்யவும் முயலவில்லை. பக்கத்து மின்சாரப் பொறியியல் துறையில் இருந்த ஓவன்ஸ் என்ற பேராசிரியரைக் கூட்டுச் சேர்த்தார். தோரியம் என்ற பொருளை அவர் ஆராய்ந்தபோது அறைக் கதவைத் திறந்து மூடினாலே அளவு மாறியது. அதன் காரணத்தைத் தேடிப் போன ரதர்போர்டு, தோரியத்தில் இருந்து கதிரியக்கம் உள்ள ஓர் ஆவி வருகிறது என்று கண்டுபிடித்தார்.

அது என்ன ஆவி என்று அறிய ரசாயனம் தெரிந்தவர் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் சாடி என்ற 24 வயது வாலிபர் இருந்தார். ஒரு கூட்டத்தில் அவர் ரதர்போர்டை எதிர்த்து வாதாடியவர். எதிர்த்துப் பேசினாரே என்று ரதர்போர்டு ஒதுக்கவில்லை. அவரையே கூட்டாளியாக அழைத்தார்.

1900-ம் ஆண்டில் ரதர்போர்டு நியூசிலாந்துக்குப் போய், ஐந்து வருஷம் காத்திருந்த மேரியைக் கலியாணம் செய்துகொண்டார்.

எல்லோர் முன்னும் எழுந்து நின்றவர்

1902-ம் ஆண்டு ரதர்போர்டும் சாடியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு மூலப்பொருள் தானாகவே வேறு மூலப்பொருளாக மாறுகிறது என்பதே அது.

இரும்பைத் தங்கமாக்குகிறேன் என்று ஏமாற்றிய பழைய ரசவாதிகளைப் போல் அல்லவா இது இருக்கிறது? மெக்கில் பேராசிரியர்களில் சிலர் பயந்தார்கள். உலகமே சிரிக்கும், பல்கலைக்கழகத்தின் பெயர் கெடும், வெளியிடுவதைத் தள்ளிப் போடலாம் என்றார்கள். 31 வயதுகூட நிரம்பாதவருக்கு அது சோதனையான நேரம்.

அப்போதும் காக்ஸ்தான் எழுந்து நின்றார். இந்தப் பரிசோதனைகள் மெக்கிலுக்குப் புகழையே தேடித் தரும், பாரடேக்குப் பிறகு இவ்வளவு பெரிய வேலையை யாரும் செய்யவில்லை என்று உலகம் சொல்லும் நாள் வரும் என்று அடித்துப் பேசினார். கட்டுரைகள் வெளிவந்தன. 1908-ல் ரதர்போர்டுக்கு நோபல் பரிசு கிடைத்தது. காக்ஸின் வாக்குப் பலித்தது.

நாற்காலியைக் கொடுத்தவர்

மாண்ட்ரீலில் இருந்தபோதே இன்னொரு கை நீண்டது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆர்தர் ஷுஸ்டர் பௌதிகப் பேராசிரியராக இருந்தார். நல்ல ஆராய்ச்சிக்கூடத்தைப் பாடுபட்டு உருவாக்கியவர். வயது 60 ஆகவில்லை. இன்னும் பல வருஷம் பதவியில் இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனையோடு பதவியை விட்டு விலக முன்வந்தார். தம் இடத்துக்கு ரதர்போர்டு வரவேண்டும் என்பதே அந்த நிபந்தனை! 1907-ல் ரதர்போர்டு வந்தார். ஷுஸ்டரிடம் உதவியாளராக இருந்த ஹான்ஸ் கைகர் அவருக்கும் உதவியாளர் ஆனார்.

1909-ல் மார்ஸ்டன் என்ற 20 வயது மாணவருக்கு ஏதாவது சிறு ஆராய்ச்சி கொடுக்கலாமா என்று கைகர் கேட்டார். மெல்லிய உலோகத் தகட்டில் பாயும் துகள்கள் திரும்பித் தெறிக்கின்றனவா என்று பார்க்கும்படி ரதர்போர்டு சொன்னார். பல ஆயிரத்தில் ஒன்று தெறித்தது! அதை வைத்துத்தான் 1911-ல் அணுக்கருவைப் பற்றி அறிவித்தார். பட்டம் வாங்காத மாணவர் என்று மார்ஸ்டனை அவர் தள்ளி இருந்தால், அந்தக் கண்டுபிடிப்பு அன்று நடந்திருக்காது. அதே மார்ஸ்டன் பிறகு ரதர்போர்டின் சிபாரிசால் நியூசிலாந்தில் வெல்லிங்டன் நகரப் பேராசிரியர் ஆனார்.

வாங்கியதைக் கொடுத்தார்

தமக்குக் கிடைத்த உதவியை ரதர்போர்டு மறக்கவில்லை. மெக்கிலில் அவரிடம் பயின்ற ஹாரியட் புரூக்ஸ் என்ற பெண்ணை, பெண்கள் விஞ்ஞானத்தில் தலைகாட்டாத அந்தக் காலத்திலேயே, தாம்சனிடம் அனுப்பி வைத்தார். பிறகு அந்தப் பெண் மேரி கியூரியின் ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை செய்தார்.

ஆட்டோ ஹான் என்ற ஜெர்மானியர் 1905-ல் மாண்ட்ரீலுக்கு வந்து பயின்றார். ஊர் திரும்பிப் பெர்லினில் தனியாக ஆராய்ச்சி தொடங்கினார். கிடைத்த இடம் ஒரு பழைய தச்சுப் பட்டறை. 1908-ல் நோபல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் ரதர்போர்டு பெர்லினில் இறங்கி ஹானைப் பார்த்தார். ஹானோடு சேர்ந்து வேலை செய்த லிசே மைட்னர் என்ற பெண் விஞ்ஞானியையும் அப்போது சந்தித்தார். ஹானுக்கு 1944-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

டென்மார்க்கில் இருந்து நீல்ஸ் போஹர் 1912-ல் மான்செஸ்டருக்கு வந்தார். அவருடைய அணுக் கொள்கைக் கட்டுரை மிக நீளம் என்று ரதர்போர்டு நினைத்தார். போஹர் நேரில் வந்து, ஒவ்வொரு வரியும் வேண்டும் என்று பிடிவாதமாக வாதாடினார். கடைசியில் ரதர்போர்டே விட்டுக் கொடுத்தார்.

பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர் பதவி தருவதாகப் போஹரை அழைத்தார். சொந்த நாட்டில் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப் போவதாகச் சொல்லிப் போஹர் மறுத்தார். ரதர்போர்டுக்கு மனத்தாங்கல் இல்லை. 1920-ல் கோபன்ஹேகனுக்கே போய்ச் சொற்பொழிவு செய்து வந்தார். அடுத்த ஆண்டு போஹரின் நிலையம் திறக்கப்பட்டது.

யுத்தத்துக்குப் பின்

முதல் உலக யுத்தம் ரதர்போர்டின் சீடர்களைச் சிதறடித்தது. மோஸ்லி என்ற மகா புத்திசாலி 1915-ல் துருக்கிப் போர்முனையில், 27 வயதில் குண்டடிபட்டு இறந்தார். ஜேம்ஸ் சாட்விக் பெர்லினில் கைகரிடம் படிக்கப் போனவர், அங்கேயே கைதியானார். குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். நான்கு வருஷம் கழித்து, கையில் காசு இல்லாமல், உடல் நலிந்து ஊர் திரும்பினார்.

ரதர்போர்டு உடனே அவருக்கு வேலை கொடுத்தார். 1919-ல் தாம்சனின் இடத்துக்குத் தலைவராகக் கேம்பிரிட்ஜ் போனபோது, சாட்விக்கையும் கூட அழைத்துப் போனார். 1932-ல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார்.

வியன்னா நகர விஞ்ஞானிகள் யுத்தத்துக்கு முன் ரதர்போர்டுக்கு ரேடியம் கடனாகக் கொடுத்திருந்தார்கள். எதிரி நாட்டுச் சொத்து என்று அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எழுந்தது. ரதர்போர்டு சம்மதிக்கவில்லை. நண்பர்களின் பொருளுக்கு விலை கொடுக்கவேண்டும் என்று நின்றார். பஞ்சத்தில் தவித்த வியன்னா ஆராய்ச்சிக்கூடம் அந்தப் பணத்தால் நிமிர்ந்தது.

கபிட்சாவுக்காக

1921-ல் ரஷ்யாவில் இருந்து பீட்டர் கபிட்சா என்ற வாலிபர் வந்தார். கொள்ளை நோயில் மனைவியையும் குழந்தைகளையும் இழந்தவர். இடம் இல்லை என்றார் ரதர்போர்டு. இங்கே செய்யும் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை வரலாம் என்று கேட்டார் கபிட்சா. நூற்றுக்கு இரண்டு மூன்று என்றார் ரதர்போர்டு. முப்பது பேரில் ஓர் ஆள் கூடினால் அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுமே என்றார் கபிட்சா. ரதர்போர்டு சிரித்து இடம் கொடுத்தார்.

1933-ல் கபிட்சாவுக்கென்றே புது ஆராய்ச்சிக்கூடம் எழுந்தது. மறு வருஷம் அவர் ரஷ்யாவுக்குப் போனபோது, அரசாங்கம் அவரைத் திரும்பி வர விடவில்லை. ரதர்போர்டு எவ்வளவோ முயன்று பார்த்தார். பலிக்கவில்லை. கருவி இல்லாமல் கபிட்சா மனம் ஒடிந்து போய்விடுவார் என்று அஞ்சினார். ஆகவே அவருடைய பெரிய கருவிகளையே ரஷ்யாவுக்கு 30,000 பவுனுக்கு விற்க ஏற்பாடு செய்தார். கவலையை விட்டு வேலையைத் தொடங்கும்படி கடிதம் எழுதினார். கபிட்சா மாஸ்கோவில் தம் நிலையத்தை நிறுவினார். 1978-ல் நோபல் பரிசு பெற்றார்.

ஹிட்லரின் ஆட்சியில் வேலை இழந்த பேராசிரியர்களுக்கு உதவ 1933-ல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைந்தது. அதற்கும் ரதர்போர்டே தலைவர்.

கோபமும் குணமும்

ரதர்போர்டு குறையே இல்லாதவர் அல்ல. குரல் இடி போல இருக்கும். கோபம் சட்டென்று வரும். பெரிய கருவிகளுக்குப் பணம் செலவிட மனம் வராது. அணுவைத் தாக்கும் பெரிய எந்திரம் வேண்டும் என்று சாட்விக் விரும்பினார். ரதர்போர்டு இசையவில்லை. 1935-ல் சாட்விக் லிவர்பூலுக்குப் போய்ச் சொந்தமாக ஆராய்ச்சிக்கூடம் அமைத்துக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஒலிபன்ட்டும் பர்மிங்ஹாமில் தனி இடம் கிடைத்துப் போகப் போவதாகச் சொன்னார். எல்லோரும் நன்றி இல்லாமல் விட்டுப் போகிறார்கள் என்று ரதர்போர்டு கொதித்தார். கோபம் தணிந்ததும் ஒலிபன்ட்டிடம் வருத்தம் தெரிவித்து வாழ்த்தினார். வளர்த்த பிள்ளை தனிக் குடித்தனம் போகும்போது எந்தத் தகப்பனுக்கும் மனம் வலிக்கும் அல்லவா?

இந்தியாவின் நினைவு

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு தரவேண்டும் என்று பரிந்துரை செய்தவர்களில் ரதர்போர்டும் ஒருவர். கேவண்டிஷில் பயின்ற டி.எஸ். கோத்தாரி டில்லி பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையை வளர்த்தார். 1964 முதல் 1966 வரை இந்தியக் கல்விக் கமிஷனுக்குத் தலைவராக இருந்தவரும் அவரே.

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடக்க இருந்த இந்திய விஞ்ஞான மாநாட்டுக்கு ரதர்போர்டு தலைமை தாங்குவதாக இருந்தது. தலைமை உரையையும் எழுதி வைத்திருந்தார். ஆனால் 1937 அக்டோபர் 19-ந் தேதி, குடல் இறக்க நோயால் காலமானார். வயது 66. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், நியூட்டனின் கல்லறை அருகே அவருடைய சாம்பலை வைத்தார்கள். கல்கத்தாவில் அவருடைய உரையை வேறொருவர் படித்தார்.

அணுவின் கருவைக் கண்டவர் என்று ரதர்போர்டின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. அவருக்காக வகுப்பு எடுத்த ஜான் காக்ஸின் பெயரை அறிந்தவர்கள் சிலரே. ஆனால் மாண்ட்ரீலில் காக்ஸ் கொடுத்த அந்த நேரம் பெர்லினுக்கும் கோபன்ஹேகனுக்கும் மாஸ்கோவுக்கும் போய்ச் சேர்ந்தது.